டாட் காம் பஞ்சாயத்து: ஐதராபாத் பயணக் குறிப்புகள்

நவம்பர் 2, 2016, புதன் இரவு

சார்மினார் எக்ஸ்பிரஸில் சைடு லோயர் கிடைத்திருக்கிறது, கால் நீட்டி எழுதலாம். நாளை தொடங்கி 9ஆம் தேதி வரை ஐதராபாத்தில் ஐகேன் அமைப்பின் 57ஆவது கூட்டம். நீங்கள் தட்டுகிற இணைய முகவரியின் கடைசித் துண்டு இருக்கிறதே, டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் என்று, அதில் எதெல்லாம் இருக்கலாம், எதை யார் நடத்தலாம் என்று முடிவாகிற இடம் அது.

முதலில் இதை போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரத்தில்தான் வைத்திருந்தார்கள். ஸிகா வைரஸ் பரவியதால் இங்கே மாற்றினார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, பெயர் கொடுத்தால் யாரும் போய் உட்காரலாம், மைக் பிடித்துப் பேசவும் செய்யலாம். சான் ஹுவானுக்கு நான் எங்கே போவது! ஸ்லீப்பர் டிக்கெட்டில் போகிற தூரத்துக்கே வந்துவிட்டபிறகு விடுவானேன்.

குரோம்பேட்டையில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஸ்வீட் ஸ்டால், டிராவல்ஸ், கல்யாண மண்டபம், இந்த மாதிரி. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பணம் கட்டி வாங்கியாச்சு, அப்புறம் ஏன் சார் வருஷா வருஷம் கட்டணும்? நம்ம பேருதானே?" வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்பேன். யாருக்கு வாடகை என்று அடுத்து கேட்டால்தான் வம்பு. கடைக்காரர் எனக்குக் கட்டுகிறார், நான் பதிவு நிறுவனத்துக்குக் கட்டுகிறேன், அவர்கள் டாட் காமை நடத்துகிற வெரிசைனுக்குப் பெயருக்கு 7 டாலர் 85 சென்ட் கட்டுகிறார்கள், ஐகேனுக்கும் அதில் சில்லறை போகிறது. சரி, வெரிசைனுக்கு டாட் காமைக் கொடுத்தது யார்? அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? இப்படிப் போனால் அமெரிக்க வணிகத் துறை வரைக்கும் போகும். செப்டம்பர் வரை போகும் என்று சொல்ல வேண்டும்.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். மீதி நாளைக்கு.

நவம்பர் 3, வியாழன்

நாம்பள்ளியில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். பால் கெட்டியாக, கொஞ்சம் உப்புக் கரிக்கிற பிஸ்கட்டோடு நன்றாகவே இருந்தது. அங்கிருந்தே எம்எம்டிஎஸ் ரயிலில் ஹைடெக் சிட்டி, அப்புறம் ஷேர் ஆட்டோ. மெட்ரோவுக்குத் தூண்கள் நிற்கின்றன, ரயில்தான் இன்னும் ஓடவில்லை. மாதாபூரில் ஐயப்பா சொசைட்டி பக்கம் ஒரு விடுதியில் அறை. ஐடி பையன்கள் தங்குகிற இடம், கீழேயே மெஸ்.

கூட்டம் நடப்பது எச்ஐசிசி அரங்கில். 2008 டிசம்பரில் ஐநாவின் இணைய ஆளுகை மாநாடும் இதே கட்டடத்தில்தான் நடந்தது, மும்பைத் தாக்குதல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத சமயத்தில். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் முதல் அதிர்ச்சி சுருக்கெழுத்துகள். ஜிஎன்எஸ்ஓ, சிசிஎன்எஸ்ஓ, ஏலாக், எஸ்எஸ்ஏசி, பிடிஐ என்று மூன்று வார்த்தைக்கு ஒன்று வருகிறது. புதியவர்களுக்கென்று ஒரு வகுப்பே வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து வந்தும் பாதிதான் தேறியது.

நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். உலகத்தில் எல்லா டொமைன்களுக்கும் தலைக்கோப்பு ஒன்று உண்டு, ரூட் என்பார்கள். பெரிய கோப்பெல்லாம் இல்லை, என் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவுகூட வராது. இப்போதைக்கு சுமார் 1,500 கடைசித் துண்டுகளும் ஒவ்வொன்றுக்கும் நேம் சர்வர், அதாவது அதன் கீழ் வரும் பெயர்களுக்கு வழி சொல்கிற கணினி, எது என்பதும் அதில் இருக்கும், அவ்வளவுதான். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இருக்கிற ரூட் சர்வர்கள் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கோப்பில் ஒரு வரி மாற வேண்டுமானால் இத்தனை வருஷமாக மூன்று கை மாற வேண்டும். ஐகேன் பரிசீலித்து அனுப்பும், அமெரிக்க வணிகத் துறையின் என்டிஐஏ என்ற பிரிவு ஒப்புதல் கொடுக்கும், வெரிசைன் கோப்பில் ஏற்றும். இந்தியா தன் டாட் இன்னுக்கு ஒரு நேம் சர்வரை மாற்றினாலும் சரி, சீனா மாற்றினாலும் சரி, வாஷிங்டனில் ஒரு அதிகாரி சரி என்று சொல்லியாக வேண்டும். அவர் மறுத்ததாகப் பெரிய கதை எதுவும் இல்லை, அது வேறு விஷயம். மறுக்க முடியும் என்பதே மற்ற நாடுகளுக்கு உறுத்தல்.

2013இல் அமெரிக்க உளவுத்துறை உலகத்தையே ஒட்டுக்கேட்டதைக் காட்டிய ஸ்நோடன் ஆவணங்கள் வெளிவந்தபிறகு அந்த உறுத்தல் தாங்க முடியாததாக ஆனது. பிரேசில் அதிபர் டில்மா ரூசெஃப் ஐநா பொதுச்சபையிலேயே வெடித்தார். 2014 மார்ச் 14ஆம் தேதி, ஒப்படைக்கத் தயார் என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரு நிபந்தனை: எந்த அரசிடமும், அரசுகள் சேர்ந்த அமைப்பிடமும் கொடுக்க மாட்டோம். அப்புறம் இரண்டரை வருஷம் பேசி, விதிகளை மாற்றி எழுதி, போன செப்டம்பர் 30 நள்ளிரவோடு அந்த ஒப்பந்தம் காலாவதியானது. நடுவில் இருந்த கை விலகிவிட்டது. அதற்குப் பிறகு கூடுகிற முதல் கூட்டம் இது, அதனால் தாழ்வாரத்தில் எல்லார் முகத்திலும் ஒரு கல்யாண வீட்டுக் களை.

வாசலில் ஆட்டோக்காரர் இன்று பெரிய மீட்டிங்கா என்று தெலுங்கில் விசாரித்தார். இண்டர்நெட் பேருங்க மீட்டிங் என்றேன், ஜியோவா என்றார்.

நவம்பர் 4, வெள்ளி

இன்று பெரும்பாலும் அரசுகளின் ஆலோசனைக் குழு உட்காரும் அறையிலேயே கழித்தேன். மேஜையில் நாட்டுப் பெயர்ப் பலகைகள், காதில் மொழிபெயர்ப்புக் கருவி, ஐநாவின் ஆறு மொழிகளில் கேட்கலாம். பேசப்பேச ஆங்கிலத்தில் எழுத்து திரையில் ஓடுகிறது. இந்த ஓட்டெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது, சிலர் பேசுகிற ஆங்கிலம் அப்படி.

பெயரில் ஆலோசனைக் குழு என்றுதான் இருக்கிறது. ஆனால் ஆட்சேபம் இல்லாமல் எல்லா அரசுகளும் சேர்ந்து ஒன்று சொன்னால் ஐகேன் நிர்வாகக் குழு அதை எளிதில் தள்ள முடியாது, புது விதிப்படி 60 சதவீத ஓட்டு வேண்டும். இந்த சதவீதத்துக்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார், தேர்தல் தொகுதிப் பங்கீடு தோற்றது.

எனக்குப் பிடித்த வழக்கு டாட் அமேசான். 2012இல் புதுக் கடைசித் துண்டுகளுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர், நம் காசில் ஒன்றேகால் கோடிக்குப் பக்கத்தில். 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அமேசான் நிறுவனம் தன் பெயரைக் கேட்டது. பிரேசிலும் பெருவும் எழுந்து, அமேசான் எங்கள் நதி, எங்கள் காடு, ஒரு கடைக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்றன. 2013 ஏப்ரலில் பீஜிங் கூட்டத்தில் அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால் ஒருமித்த கருத்து வரவில்லை. ஜூலையில் டர்பன் கூட்டத்தில் அமெரிக்கா நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டது, ஒருமித்த எதிர்ப்பு நிறைவேறிவிட்டது. இடையில் ஜூனில் என்ன நடந்தது? ஸ்நோடன். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனால் அந்த ஜூலையில் ஒரு நிறுவனத்துக்காகப் பிரேசிலோடு மல்லுக்கு நிற்க அமெரிக்காவுக்குத் தெம்பு இருந்திருக்காது. 2014 மே மாதம் விண்ணப்பத்தை ஐகேன் நிராகரித்தது, இந்த மார்ச்சில் அமேசான் மறுஆய்வுக்குப் போயிருக்கிறது. இன்னும் ஓடுகிறது.

நம் அரசும் இந்த விளையாட்டில் சும்மா இல்லை. டாட் ராம் என்று ஒரு விண்ணப்பம். யார் கேட்டது தெரியுமா, கிறைஸ்லர், லாரி மாதிரி பெரிய பிக்கப் வண்டி ஒன்றுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. டாட் இண்டியன்ஸ் கேட்டது ரிலையன்ஸ். இரண்டையும் கொடுக்கக்கூடாது என்று இந்தியா சொன்னது டர்பன் கூட்ட அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது.

இதில் நான் யார் பக்கம் என்றால், பெருவின் பக்கம் சாய்கிறேன், ஆனால் தயக்கத்தோடு. அமேசான் கரையில் இருக்கிற மக்கள் அந்தப் பெயரை வைத்து என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று அவர்கள் வாயால் கேட்க இந்த அறையில் வழியில்லை. பலகை வைத்திருப்பது அரசுகள் மட்டும்.

டாட் ஆப்பிரிக்கா கதை இன்னும் மோசம். இரண்டு தரப்பு கேட்டது, ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரு தரப்பை ஆதரித்தது, மற்றது வழக்குப் போட்டது. எங்கே? லாஸ் ஏஞ்சலஸில். ஏனென்றால் ஐகேன் கலிபோர்னியாவில் பதிவான லாப நோக்கற்ற கம்பெனி. இந்த ஏப்ரலில் அங்கே ஒரு நீதிபதி தடை போட்டார், ஒரு கண்டத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. காபி இடைவேளையில் இதைப் பற்றி ஒரு கென்யாக்காரரிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

நவம்பர் 5, சனி

இன்று முறைப்படி தொடக்க விழா. மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் வந்தார், ஐகேன் நிர்வாகக் குழுத் தலைவர் ஸ்டீவ் க்ராக்கர், இந்த வருஷம் ஐகேனின் தலைமை நிர்வாகியாக வந்த ஸ்வீடன்காரர் யோரான் மார்பி எல்லாரும் மேடையில். இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்திலேயே வேலை பார்த்தவர் க்ராக்கர். அவரை நேரில் பார்த்ததில் எனக்குள் இருக்கிற கணினிப் பையன் கொஞ்சம் குதித்தான், மறைப்பானேன்.

விழா எப்போதும்போல விழா. அதைவிட, இந்தியா இங்கே நிற்பதே ஒரு பல்டி என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2011 அக்டோபரில் ஐநாவில் இந்தியா ஒரு யோசனை வைத்தது: இணைய விவகாரங்களுக்கு 50 நாடுகள் கொண்ட ஒரு குழு, ஐநாவின் கீழ். அரசுகள் உட்கார்ந்து முடிவெடுக்கும், மற்றவர்கள் பக்கத்தில் நின்று யோசனை சொல்லலாம். உள்நாட்டிலேயே எதிர்ப்பு வந்து அது மெல்ல அடங்கியது. 2015 ஜூனில் பியூனஸ் அயர்ஸ் கூட்டத்தில் இதே அமைச்சர்தான், அரசு, கம்பெனி, தொழில்நுட்பக்காரர்கள், மக்கள் அமைப்புகள் என எல்லாரும் சேர்ந்து நடத்துகிற முறையை ஆதரிக்கிறோம் என்று அறிவித்தார்.

நல்லதுதான். ஆனால் இந்த அரங்கில் நாம் எல்லாரும் திறந்த இணையம் பற்றிக் கை தட்டுகிற இந்த நிமிஷம் காஷ்மீரில் மொபைல் இணையம் ஜூலையிலிருந்து கிடையாது. டொமைன் பெயருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், அது ஐகேன் வேலை இல்லையே என்பார்கள். சரிதான், ஐகேன் வேலை இல்லைதான். டாட் இன் பெயர் எத்தனை விற்றது என்று மேடையில் பெருமை பேசுகிறபோது மட்டும் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

பொது மன்றம் என்று ஒன்று நடந்தது, அதுதான் இந்த ஊர்க்கூட்டத்தின் ருசியான பகுதி. மேடையில் நிர்வாகக் குழு முழுக்க உட்கார்ந்திருக்கும், கீழே மைக் முன்னால் வரிசை. பேசுகிறவருக்குக் கொஞ்ச நேரம்தான், திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும். நம் ஊர் கிராம சபையை விட ஒழுங்கு என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் வரிசையில் முதல் ஏழெட்டுப் பேர் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், நாலு மாதத்துக்கு ஒரு முறை வேறு வேறு நகரத்தில் இதே மைக் முன் நிற்பவர்கள். பதிவு நிறுவனத்துக்காரர், வக்கீல், டிரேட்மார்க் கம்பெனி ஆள். கதவு திறந்துதான் இருக்கிறது, பொய் இல்லை. அடுத்த கூட்டம் நடக்கிற கோபன்ஹேகனுக்கு டிக்கெட் யார் எடுப்பது என்பதுதான் பாக்கி. உதவித்தொகை கொடுத்துச் சிலரை அழைத்து வருகிறார்கள், அதில் வந்த ஒரு நேபாளப் பெண்ணின் கேள்விதான் இன்றைக்கு உருப்படியாக இருந்தது: விதி மாற்றத்துக்குக் கருத்துக் கேட்கிற ஆவணம் நூறு பக்கம் ஆங்கிலத்தில் இருந்தால் நாங்கள் எப்போது படித்து, எப்போது பதில் எழுதுவது? பதிலாக நன்றி சொன்னார்கள்.

நவம்பர் 6, ஞாயிறு

காலையில் அரங்குக்கு மட்டம் போட்டுவிட்டு சார்மினார். அந்தக் கென்யாக்காரரும் ஒரு வயதான அமெரிக்க நெட்வொர்க் இன்ஜினியரும் கூட வந்தார்கள். நிம்ரா கடையில் தேநீர், எதிரே மினார். வளையல் கடைகள் திறப்பதற்குள் போனால்தான் நின்று பார்க்க முடிகிறது.

அமெரிக்கரிடம் ஜான் போஸ்டலைப் பற்றிக் கேட்டேன். தெரியாதவர்களுக்கு: ஆரம்ப காலத்திலிருந்து இணையத்தின் பெயர், எண் கணக்கெல்லாம் வைத்திருந்தவர் அவர், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, நீளத் தாடி, காலில் செருப்பு. எந்த நாட்டுக்கு எந்த இரண்டெழுத்து என்று அவர்தான் ஒதுக்கினார். எது நாடு, எது நாடு இல்லை என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை, ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் பட்டியலில் இருந்தால் கொடுப்போம் என்று 1994இல் எழுதியும் வைத்தார். கெட்டிக்காரத்தனம். அந்த ஒரு முடிவால்தான் துவாலு மாதிரி ஒரு துளித் தீவுக்கு டாட் டிவி கிடைத்தது, அதைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் 2000இல் ஐநாவிலும் சேர்ந்தார்கள்.

1998 ஜனவரி 28. அப்போது ரூட் கோப்பின் மூலப்பிரதி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியிடம், அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில். டாட் காம் ஒன்றுக்கு இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள், வேறு கடையே கிடையாது. அன்று போஸ்டல் எட்டு ரூட் சர்வர்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார்: இனி அங்கே பார்க்காதீர்கள், என் மெஷினிலிருந்து எடுங்கள். எட்டுப் பேரும் எடுத்தார்கள். ஆவணம் கேட்கவில்லை, உத்தரவு கேட்கவில்லை, ஜான் சொன்னால் போதும். ஊரில் ஒரு பயனருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் கோப்பு அதேதான். ஆனால் பாதிக்கு மேல் ரூட் அமெரிக்க அரசின் கையை விட்டு ஒரு தாடிக்காரரின் கைக்குப் போயிருந்தது.

வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மகசினர் காதுக்கு விஷயம் போனது, உடனே பழையபடி மாற்றச் சொன்னார். சும்மா ஒரு சோதனை என்று சொல்லிவிட்டு சில நாட்களில் போஸ்டல் திருப்பிவிட்டார். சோதனையா என்று அமெரிக்கரிடம் கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே, "சோதனைதான், யாரைச் சோதித்தார் என்பதுதான் கேள்வி" என்றார். அந்த வருஷம் செப்டம்பர் 30 அன்று ஐகேன் பதிவானது. அக்டோபர் 16 போஸ்டல் இறந்துபோனார், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 55 வயது.

திரும்பி வருகிற வழியில் சைபர் டவர்ஸ். 1998 நவம்பரில் வாஜ்பாய் திறந்து வைத்த கட்டடம், ஐகேனும் இதுவும் ஒரே வயசு. சுற்றிலும் பாறைக்காடாக இருந்த இடம் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

நவம்பர் 7, திங்கள்

பல்மொழிப் பெயர்கள் பற்றிய அமர்வு. ரூட்டில் தமிழ் எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: இலங்கை, சிங்கப்பூர், இந்தியா. முதலில் போனது 2010இல் டாட் இலங்கை, மறு வருஷம் மற்ற இரண்டும். நம்மை முந்திக்கொண்டு ஈழத்துத் தமிழ் எழுத்து உலக ரூட்டில் ஏறியது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏறியதோடு வேலை முடியவில்லை. புது பெயர்களைத் தமிழில் அனுமதிக்க எழுத்து விதி வேண்டும், அதை வகுக்கப் பிராமி வழி வந்த ஒன்பது எழுத்து முறைகளுக்கும் சேர்த்து ஒரு குழு வேலை செய்கிறது. என்ன விதி என்றால், உதாரணத்துக்கு ஔவை என்று பதிவு செய்கிறீர்கள். ஒருவன் வந்து ஒ, ள, வை என்று தனித்தனியாகத் தட்டி ஒளவை என்று இன்னொன்று வாங்குகிறான். மேலே இருக்கிற இரண்டையும் போன் திரையில் பாருங்கள், வித்தியாசம் தெரிகிறதா? கணினிக்கு இரண்டும் முழுக்க வேறு. வங்கிப் பெயரில் இப்படி ஒரு எழுத்து இருந்தால் போதும், மோசடிக்குத் தளம் ரெடி. தமிழ் உகரமும் மலையாள உகரமும் பக்கத்தில் வைத்தால் இதே சிக்கல். இதில் அரசியல் குறைவு, பொறுமை அதிகம். இந்த வாரம் பார்த்ததிலேயே எனக்கு மரியாதை வந்த அறை இதுதான், கூட்டமும் குறைவு.

தமிழில் டொமைன் வாங்கி அதில் மின்னஞ்சலும் வைத்திருக்கிறேன். ஒரு வங்கியின் படிவத்தில் அதைக் கொடுத்தால் "செல்லுபடியாகும் முகவரியைத் தரவும்" என்று சிவப்பில் வரும். ரூட்டே ஒத்துக்கொண்ட பெயரை வங்கியின் படிவம் ஒத்துக்கொள்ளாது.

மதியம் ஹூயிஸ் பற்றி. ஒரு டொமைன் வாங்கினால் உரிமையாளர் பெயர், முகவரி, போன் எல்லாம் யாரும் பார்க்கிற மாதிரி போட்டாக வேண்டும் என்பது ஐகேன் ஒப்பந்த விதி. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போன மாதம் டொமைன் பதிவு செய்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குள் அந்தக் கடை அண்ணாச்சிக்கு ஹிந்தியில் நாலு போன், வெப்சைட் செய்து தருகிறோம் என்று. நான்தான் நம்பரை விற்றுவிட்டேன் என்று அவர் இன்னமும் நம்புகிறார். மறைப்பதற்கு ஒரு சேவை உண்டு, அதற்குத் தனிக் காசு. முதலில் விதியால் அம்பலப்படுத்துவது, அப்புறம் மூடக் காசு வாங்குவது. அறையில் போலீஸ் தரப்பும் டிரேட்மார்க் வக்கீல்களும் திறந்தே இருக்கட்டும் என்கிறார்கள், ஐரோப்பியர்கள் தனியுரிமைச் சட்டம் பேசுகிறார்கள். பல வருஷமாகப் பேசுகிறார்கள். அண்ணாச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கும் வரிசையில் இடம் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நவம்பர் 8, செவ்வாய், நள்ளிரவு தாண்டி

எதை முதலில் எழுதுவது. பகலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பகலில் சட்ட எல்லை பற்றிய வாதம். அமெரிக்க அரசின் ஒப்பந்தம் போய்விட்டது, ஆனால் ஐகேன் கலிபோர்னியா கம்பெனியாகவே இருக்கிறது. அப்படியானால் போனது என்ன? ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஈரான் ஆதரித்த தாக்குதல்களில் உறவுகளை இழந்தவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் ஈரான் மேல் பெருந்தொகைத் தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள், வசூலிக்க வழியில்லை. ஈரானின் டாட் ஐஆரை ஐகேன் எங்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும் என்று வழக்குப் போட்டார்கள், சிரியா, வடகொரியாவின் பெயர்களுக்கும் இதே மாதிரி. இந்த ஆகஸ்ட் 2ஆம் தேதி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காரணத்தைப் பாருங்கள்: அந்தப் பெயர்களில் கடை வைத்திருக்கிற அப்பாவிகள் பாதிக்கப்படுவார்கள், ரூட்டே இரண்டாகப் பிளக்கும். அமெரிக்க நீதிமன்றத்துக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. நாட்டுப் பெயர் சொத்தா என்ற கேள்வியையும் சொத்து என்றே வைத்துக்கொள்வோம் என்று தாண்டிவிட்டார்கள். அடுத்த நீதிபதி வேறு மாதிரி நினைத்தால்? ஐகேனையே ஜெனீவாவுக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். பிரேசில், இந்தியா தரப்பிலிருந்து சிலருக்கு இதில் கவலை அதிகம். கலிபோர்னியா சட்டத்தை நம்பித்தான் புது விதிகளையே எழுதினோம், அதைக் கழற்றினால் கூரை விழும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே உண்மை, அதனால்தான் முடியவில்லை.

நிர்வாகக் குழு இன்றே இன்னொரு முடிவும் எடுத்தது. முகவரியில் புதுக் கடைசித் துண்டுகளுக்கு முன்னால் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடுகளை வைத்து விற்கலாமாம். அரசுகள் குழுவில் பல நாடுகளுக்கு இது பிடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை அந்த அறையில் பார்த்த முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

இரவு எட்டு மணிக்கு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், டிவியில் பிரதமர். ஹிந்தி பாதிதான் புரிந்தது, எதிரில் இருந்த பையன் சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றான். இன்று நள்ளிரவு முதல் 500, 1000 நோட்டு செல்லாது. மெஸ்காரர் உடனே கல்லாவைத் திறந்து பார்த்து, மூடி, "சில்லறை மட்டும்" என்று தெலுங்கில் சத்தம் போட்டார். என் பையில் இருந்தது மூன்று ஐநூறும் ஒரு நூறும் சில பத்தும்.

கென்யாக்காரர் போன் போட்டார். நேற்றுதான் 200 டாலரை மாற்றி எல்லாமே ஐநூறாக வாங்கியிருக்கிறார். அவர் ஓட்டல் வரவேற்பில் ஒரே கூட்டமாம். ஏடிஎம்முக்குப் போகலாம் என்று கிளம்பினோம். ஐம்பது பேர் வரிசை. எல்லாரும் ஒரே தந்திரம்: 400 என்று தட்டினால் மெஷின் நூறு நூறாகத்தான் தர முடியும், அதனால் கார்டைத் திரும்பத் திரும்பச் சொருகி நானூறு நானூறாக எடுக்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் கத்துகிறார்கள். எங்கள் முறை வருவதற்கு முன்னாலேயே பணம் தீர்ந்துவிட்டது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களில் நாலு பேர் கழுத்தில் ஐகேன் அட்டை.

"ஒரு வார்த்தையை மாற்ற நாங்கள் மூன்று வருஷம் கருத்துக் கேட்கிறோம்" என்றார் கென்யாக்காரர். புழக்கத்தில் இருக்கிற பணத்தில் 86 சதவீதத்துக்கு நாலு மணி நேரம் கெடு. எந்த முறை நல்லது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இருவருக்கும் பசி. என்னிடமிருந்த நூறில் இரண்டு பேரும் முட்டை தோசை சாப்பிட்டோம்.

நவம்பர் 9, புதன்

வங்கி மூடல், ஏடிஎம் மூடல். விடுதிக்காரர் பழைய நோட்டை வாங்கிக்கொண்டார், நாளைக்கு எப்படியும் டெபாசிட் செய்ய வேண்டும் என்று. நல்ல மனுஷன்.

அரங்கில் கடைசி நாள். ஆனால் மேடையை யாரும் பார்க்கவில்லை, எல்லார் மடியிலும் அமெரிக்கத் தேர்தல் வரைபடம், சிவப்பாக மாறிக்கொண்டே இருக்கிறது. மதியத்துக்குள் டிரம்ப் என்று முடிவாகிவிட்டது. தாழ்வாரத்தில் ஒரே பேச்சு: செப்டம்பரில் அமெரிக்க செனட்டர் டெட் குரூஸ் இந்த ஒப்படைப்பை நிறுத்தச் சொல்லிக் குதித்தபோது டிரம்ப் தரப்பும் அவர் பக்கம் நின்றதே, இனி திரும்ப வாங்கிக்கொள்வார்களா?

ஞாயிறன்று தேநீர் குடித்த அமெரிக்கரைத் தேடிப் பிடித்தேன். அவர் சொன்னதும் நான் இந்த வாரம் கேட்டதும் சேர்த்து எனக்குப் புரிந்தது இது. ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது இல்லை, காலம் முடிந்து போனது, அதனால் மீட்க எதுவும் இல்லை. அரிசோனா, ஓக்லஹோமா, நெவாடா, டெக்சாஸ் நான்கு மாநிலங்களும் கடைசி நாளில் தடை கேட்டு கால்வெஸ்டன் நீதிமன்றத்தில் தோற்றுவிட்டன. ரூட் சர்வர்களை நடத்துகிற 12 அமைப்புகளில் நெதர்லாந்து, ஸ்வீடன், ஜப்பான் அமைப்புகளும் உண்டு, மிரட்டி வாங்க முயன்றால் போஸ்டல் செய்ததை அவர்கள் செய்யலாம், எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் அலுவலகம் வைத்திருக்கிற ஒரு கம்பெனிக்கு அமெரிக்க நாடாளுமன்றம் நாளைக்கே ஒரு சட்டம் போடலாம், ஒரு நீதிபதி ஒரு உத்தரவு போடலாம். முன் வாசலைப் பூட்டியாயிற்று, வீடு அதே தெருவில்தான்.

சட்ட எல்லை பற்றிப் பேசுகிற குழு தொடர்ந்து தொலைபேசியில் கூடுமாம், யாரும் சேரலாம் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். அடுத்த பெரிய கூட்டம் மார்ச்சில் கோபன்ஹேகன், அங்கே நான் போகப்போவதில்லை. ஹூயிஸ் விவகாரத்தில் கும்பகோணத்துக் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கருத்தாக அனுப்பப் போகிறேன். அண்ணாச்சி அனுமதி கொடுத்தால் கடைப் பெயரோடு.

நாம்பள்ளியிலிருந்து ரயில் கிளம்பிவிட்டது. பெட்டியில் பிரியாணி விற்கிறவர் ஐநூறை வாங்க மாட்டேன் என்கிறார், பக்கத்து சீட் மாமியிடம் இருந்த தயிர் சாதத்தில் பங்கு கிடைத்தது. இந்த நாட்களில் நீங்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு ஊர் போய்ச் சேர்ந்து பதில் போடுகிறேன். டாட் காம் விலை ஏறுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்: வெரிசைனோடு 2024 வரை ஒப்பந்தத்தை நீட்டிக்க செப்டம்பரிலேயே ஐகேன் ஒப்புதல் கொடுத்துவிட்டது, விலை வரம்பு இப்போதைக்கு அதே 7 டாலர் 85 சென்ட். ரினியூவல் வருகிறவர்கள் அதற்காக அவசரப்பட வேண்டாம், இந்த வாரம் உங்களிடம் ரொக்கமும் இருக்கப்போவதில்லை.